சிந்தனைச் சிற்பி சிங்காரவேலரும் அவர் நடத்திய இதழ்களும்

ஓர் இயக்கம் எழுவதற்குக் கொள்கை வேண்டும். அக்கொள்கையை மக்களிடம் கொண்டு செல்வதற்கு ஏடு வேண்டும். பிறர் நடத்தும் ஏட்டில் இடம் கேட்டு நிற்கும் இயக்கம், அவ்வேட்டினர் மனம் மாறும் நாளில் ஊமையாகிவிடும். தமிழகத்தில் இதனை முதன்முதலில் நன்குணர்ந்து, தொழிலாளர்க்கெனத் தனிக் கட்சியும், அக்கட்சிக்கெனத் தனி இதழ்களும் வேண்டும் என்று முனைந்தவர் ம. சிங்காரவேலர் ஆவார். அம்முயற்சியில் அவர் பெற்ற வெற்றி சிறிது, இழந்தவை பல. ஆயினும், தமிழ் இதழியல் வரலாற்றையும் அரசியல் வரலாற்றையும் கற்கும் மாணவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு ஓரடியும் நகர இயலாது என்பது நம் துணிபு.

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னைக் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியில் பிறந்தார். தந்தையார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார். வணிகத்திலும் சில காலம் ஈடுபட்டார். பௌத்த நெறியில் நாட்டங்கொண்டு பேராசிரியர் இலட்சுமி நரசு, அயோத்திதாசப் பண்டிதர் முதலியோருடன் பழகினார். கடலை நோக்கி நின்ற அவரது இல்லத்தில் பல்லாயிரம் நூல்கள் நிரம்பியிருந்தன. அறிவியல், பொருளியல், மெய்யியல் எனத் துறைதோறும் புதிதாக வெளிவரும் நூல்களை அயல்நாடுகளிலிருந்து வருவித்துக் கற்றார். இங்ஙனம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அமைதியான கல்வியாளர் வாழ்வாகவே கழிந்தன. அரசு அலுவலர் ஓய்வுபெற்றுச் சாய்வு நாற்காலியைத் தேடும் வயதில்தான் இவர் தெருவில் இறங்கினார் என்பது நமக்கு இன்றும் வியப்பளிப்பதாகும்.

அவரைத் தெருவுக்கு இழுத்தவை இரண்டு. ஒன்று, கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள் நாடெங்கும் எழுப்பிய எழுச்சி. 1921ஆம் ஆண்டில் அவர் தம் வழக்கறிஞர் அங்கியை மக்கள் முன்னிலையில் தீயிலிட்டு, நீதிமன்றத் தொழிலைத் துறந்தார். மற்றொன்று, சென்னைத் தொழிலாளர்தம் நிலை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியிருந்தது, பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் அதனை வழிநடத்தினர். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் நெடிய போராட்டம் மூண்டது. அப்போராட்டத்தினிடையே புளியந்தோப்புப் பகுதியில் தொழிலாளர்க்குள்ளேயே பிளவு தோன்றியது. ஆதிதிராவிடர் ஒருபுறமும், சாதி இந்துக்களும் இசுலாமியரும் மறுபுறமுமாக மோதிக்கொள்ளக் குடிசைகள் எரிந்தன; உயிர்களும் மாய்ந்தன. ஒரே ஆலையில் உழைத்து ஒரே கூலியை நம்பி வாழ்ந்தவர்கள் ஒருவர் கூரைக்கு ஒருவர் தீவைத்த அக்கொடுமையைச் சென்னை அன்று கண்டது. சங்கம் மட்டும் போதாது, தொழிலாளர்க்கு அரசியற் கல்வியும் வேண்டும் என்ற எண்ணம் சிங்காரவேலர் போன்றோரிடம் வலுப்பெற்ற காலம் அதுவேயாகும்.

1922 டிசம்பரில் கயையில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குச் சென்ற அவர், அப்பேரவையின் நடுவே தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். பொதுவுடைமை என்ற சொல்லே ஆங்கில அரசின் ஒற்றர்களை வரவழைக்கும் சொல்லாக இருந்த நாளில் அவர் அவ்வாறு பேசினார். அந்நாளில் இந்தியாவின் வெவ்வேறு நகரங்களில் இக்கருத்தினர் ஒருவரையொருவர் நேரிற் காணாமலேயே சிதறிக் கிடந்தனர். பம்பாயில் டாங்கே ‘சோசலிஸ்ட்’ என்னும் இதழை நடத்தினார், லாகூரில் குலாம் உசேன் ‘இன்குலாப்’ நடத்தினார், கல்கத்தாவில் முசாபர் அகமது உழைத்துக் கொண்டிருந்தார், எம்.என். ராய் பெர்லினில் அச்சிட்ட ஏடு கப்பலேறிக் கள்ளத்தனமாக இங்கு வந்துகொண்டிருந்தது. இவர்களை ஒன்றுசேர்த்தவை மாநாடுகள் அல்ல. இத்தகைய சிற்றேடுகளும் கடிதங்களுமேயாகும். அக்கடிதங்களையோ அரசு வழியிலேயே பிரித்துப் படித்துப் படியெடுத்துக்கொண்டது.

1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னையில் ‘இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி’யைச் சிங்காரவேலர் தோற்றுவித்தார். அன்று உயர்நீதிமன்றத்திற்கு எதிரிலிருந்த கடற்கரையிலும், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இரு கூட்டங்கள் நிகழ்ந்தன. இந்திய மண்ணில் மே நாள் முதன்முதலாகக் கொண்டாடப்பெற்றது அன்றேயாகும். செங்கொடியும் அன்று உயர்ந்தது. காங்கிரசுக்கு உள்ளிருந்தே பணியாற்றுவது, ஆனால் தனிக் கட்சியாகவும் வெளிப்படையாகவும் இயங்குவது என்பது அவர் வகுத்த நெறி. மறைவு இயக்கமாக நடத்துவதில் அவருக்கு ஆர்வமில்லை. அயல்நாட்டிலிருந்து வழிகாட்ட முயன்ற ராய்க்கு இக்கட்சியின் அறிக்கை நிறைவளிக்கவில்லை, குறைகள் கூறினார். சென்னையின் நிலைமையைச் சென்னையில் இருப்பவரே அறிவர் என்ற உறுதி சிங்காரவேலரிடம் இருந்ததென அவர் செயல்களால் உணர்கிறோம்.

கட்சி தோன்றிய அவ்வாண்டிலேயே இதழ்களும் தோன்றின. ‘தொழிலாளன்’ தமிழில் வார இதழாகவும், ‘லேபர் கிசான் கெஜட்’ ஆங்கிலத்தில் மாதமிருமுறை இதழாகவும் வெளிவந்தன. ஒரு சிறு கட்சிக்கு இரு மொழிகளில் இரு இதழ்கள் எதற்கு என்று கேட்கலாம். ஆங்கில இதழ் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்ல வேண்டியது. மற்ற மாகாணத் தோழர்களோடு வாதிட வேண்டியது. தமிழ் இதழோ பெரம்பூரிலும் சூளையிலும் உழைத்தவர்க்கானது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, எழுத்தறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நிலவிய காலம் அது. எனவே ஓர் இதழின் படிகளை எண்ணி அதன் வாசகரை எண்ணிவிட முடியாது. பெரும் நாளேடுகள் வேலைநிறுத்தத்தை ஒழுங்குக் குலைவாக நோக்கிய காலத்தில், கூலியையும் வேலைநேரத்தையும் தொழிலாளியின் பக்கமிருந்து நோக்கும் ஏட்டிற்குத் தனிப் பயன் இருந்தது. 1924 சனவரி 21ஆம் நாள் லெனின் மறைந்தார். அம்மாத இறுதியிலேயே ‘லேபர் கிசான் கெஜட்’ அவர் நினைவைப் போற்றிச் சிறப்பிதழ் வெளியிட்டது. கடல் கடந்த செய்தி பத்தே நாளில் சென்னையில் அச்சேறியிருப்பதை இதழியல் பயிலும் மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

இம்முயற்சி நீடிக்க விடப்படவில்லை. 1924 மார்ச்சில் கான்பூர் போல்ஷ்விக் சதிவழக்கில் சிங்காரவேலர் கைது செய்யப்பட்டார். ராய், முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, டாங்கே, நளினி குப்தா ஆகியோரும் அவ்வழக்கிற் சேர்க்கப்பட்டிருந்தனர். இவர்களுள் நால்வர்க்கு நான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது. கடும் நோயுற்றிருந்த சிங்காரவேலர் பிணையில் விடப்பெற்றுப் பின்னர் வழக்கிலிருந்து நீக்கப்பட்டார். உயிர் தப்பியது; இதழ்கள் தப்பவில்லை. ஒருவரின் கைப்பொருளையும் உடல்நலத்தையும் நம்பி நடந்த ஏடு, அவர் சாய்ந்தவுடன் தானும் சாய்ந்தது. தொழிலாளர்தம் சிறு காணிக்கைகளால் நடைபெறும் ஏடாக அது வளர்வதற்குள் வெட்டுண்டது என்பதே வருந்தத்தக்கது.

1925 டிசம்பர் இறுதியில் அதே கான்பூர் நகரில் முதல் இந்தியப் பொதுவுடைமை மாநாடு கூடியது. ஓராண்டுக்கு முன்னர் எந்நகரத்து நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் குறிக்கப்பட்டாரோ, அந்நகரத்து மாநாட்டிற்கே சிங்காரவேலர் தலைமை தாங்கினார். வரவேற்புக் குழுத் தலைவர் மௌலானா ஹஸ்ரத் மோகானி. 1921 ஆமதாபாத் காங்கிரசில் முழு விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவந்து காந்தியடிகளையே எதிர்த்து நின்ற உருதுக் கவிஞர் அவரே. சமய நம்பிக்கையில் ஊறிய மௌலானாவும், பகுத்தறிவு வழிநின்ற சிங்காரவேலரும் ஒரே மேடையில் ஏழைக்காக ஒன்றியமை நம் கல்லூரி மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய செய்தியாகும். தீண்டாமை அடிப்படையில் பொருளாதாரச் சிக்கலே என்ற கருத்தைத் தலைமையுரையில் சிங்காரவேலர் வலியுறுத்தினார். வகுப்புவாத அமைப்புகளில் உறுப்பினராயிருப்போர் கட்சியிற் சேரக்கூடாது என்றும் அங்கு முடிவு செய்யப்பட்டது. உலகப் பொதுவுடைமை அகிலத்துடன் இணையாத தேசியக் கட்சியாக இருக்க வேண்டும் என்று மாநாட்டைக் கூட்டிய சத்தியபக்தர் விரும்பினார். பலர் அதனை ஏற்கவில்லை. எவரைச் சார்வது, எவரிடமிருந்து விலகி நிற்பது என்ற வினா இவ்வியக்கம் பிறந்த அன்றே உடன்பிறந்ததென்று சொல்லலாம்.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் எழுதுகோலைவிடப் போராட்டக் களத்தையே மிகுதியும் நாடினார். 1927இல் வங்காள நாகபுரி இரயில்வேத் தொழிலாளர்க்குத் துணைநின்றார். 1928 சூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர்கள், ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். நாகப்பட்டினத்திலும் திருச்சி பொன்மலையிலும் தொடங்கிய எழுச்சி இருப்புப்பாதை நெடுகப் பரவியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாயினர். அறுபத்தெட்டு வயது முதியவர்க்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது! மேல்முறையீட்டில் அது குறைக்கப்பெற்று, 1930இல் விடுதலையானார்.

வெளிவந்தபோது அவரிடம் கட்சியுமில்லை, இதழுமில்லை. அந்நிலையில் ஈரோட்டிலிருந்து ஒரு கதவு திறந்தது. 1925 முதல் பெரியார் நடத்திவந்த ‘குடி அரசு’ நாடறிந்த ஏடாக வளர்ந்திருந்தது. மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய அறிக்கையின் தமிழாக்கத்தை 1931இல் வெளியிடத் தொடங்கிய துணிவு அவ்வேட்டிற்கு இருந்தது. அதன் பக்கங்களில் சிங்காரவேலர் ஓயாது எழுதினார். டார்வின் கொள்கை, வானியல், பணத்தின் இயல்பு, உலகப் பொருளாதார நெருக்கடி முதலியவற்றைத் தமிழில் விளக்கினார். அவர் நடை இலக்கணச் செப்பம் மிக்கதன்று. நீண்ட தொடர்களும் வடசொற்களும் மலிந்தது. எனினும், அறிவியலையும் பொருளியலையும் தாங்கும் வலிமை தமிழுக்கு உண்டா என்று கற்றோரே ஐயுற்ற நாளில், அவர் ஐயுறாது எழுதிக் காட்டினார். தமிழ்த்துறையினராகிய நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன் இது. சமயம் பற்றிய அவர் முடிபுகளோடு நாம் மாறுபடலாம். அக்கடன் அதனால் குறைவதில்லை.

சோவியத்து நாட்டையும் ஐரோப்பாவையும் கண்டு 1932இல் பெரியார் திரும்பிய பின்னர், அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் ஈரோட்டில் கூடிய கூட்டத்தில் சமதர்மத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஈரோட்டுத் திட்டம் எனப் புகழ்பெற்ற அதன் உருவாக்கத்தில் சிங்காரவேலரின் பங்கு முதன்மையானது. பல ஊர்களில் சமதர்மக் கூட்டங்கள் நிகழ்ந்தன. அரசு வாளாவிருக்கவில்லை. 1933இல் ‘குடி அரசு’ தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியார் கைதானார். அவ்வேடு நின்றபோது ‘புரட்சி’ எழுந்தது. அதற்கும் இடையூறுகள் வந்தன. 1934இல் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. பகத் சிங்கின் கட்டுரையொன்றைத் தமிழாக்கியதற்காக ஜீவானந்தம் வழக்கிற்கு உள்ளானார். இயக்கத்தையே அரசு அழித்துவிடக்கூடும் என்று கருதிய பெரியார், 1935இல் சமதர்மப் பரப்புரையைத் தளர்த்தி, நீதிக்கட்சியை ஆதரிக்கும் நெறியில் நின்றார்.

இங்கே எவர்மீதும் பழி கூறுதல் எளிது. சாதி ஒழிப்பே தம் முதற்பணி என்று கருதியவர்க்கு, தாம் வளர்த்த ஏட்டையும் அமைப்பையும் காத்தல் கடமையாகத் தோன்றியது. பொதுவுடைமையே மூலம் என்று கொண்டவர்க்கு, நீதிக்கட்சியின் செல்வர்களோடு கைகோப்பது பொறுக்க இயலாததாயிற்று. இருவர் நெறியும் அவரவர் அளவில் நேர்மையானவை. ஆயின், ஏடு பெரியாருடையது. முடிவும் அவருடையதாகவே இருந்தது. விருந்தினர் எத்துணைப் பெரியவராயினும் வீட்டின் கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை இல்லாதவரே.

எழுபத்தைந்து வயதில், பார்வையும் உடலும் தளர்ந்த நிலையில், சிங்காரவேலர் மீண்டும் தமக்கென ஓர் இதழ் தொடங்கினார். 1935இல் வெளிவந்த ‘புது உலகம்’ என்னும் திங்களிதழ் அது. பழைய துன்பங்களையெல்லாம் அறிந்த ஒருவர் அவ்வயதில் மறுபடியும் அச்சகத்து வாயிலில் நின்றார் என்பதை எண்ணுங்கால் நமக்கு மரியாதையே மேலிடுகிறது. அவ்விதழும் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும், அவருடன் இருந்தும் அவரிடம் கற்றும் வளர்ந்த இளையோர் சோர்ந்துவிடவில்லை. ஜீவாவும் தோழர்களும் 1937இல் ‘ஜனசக்தி’யைத் தொடங்கினர். ‘தொழிலாளன்’ தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய அவ்வேட்டிற்கு, அவனுக்கு வாய்க்காத சங்கங்களும் தொண்டர்களும் வாய்த்திருந்தனர். ஆகவே, தடைகளையும் தாண்டி அது நிலைபெற்றது.

இறுதி ஆண்டுகளில் சிங்காரவேலர் பொதுவாழ்விலிருந்து பெரிதும் ஒதுங்கியிருந்தார். 1945இல் சென்னை அச்சுத் தொழிலாளர் மாநாட்டிற்குத் தள்ளாத நிலையிலும் வந்து பேசினார். அதன்பின் அவர் பெரிய மேடை எதிலும் ஏறியதாகத் தெரியவில்லை. 1946 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். நாடு விடுதலை பெற அப்போது ஒன்றரை ஆண்டே எஞ்சியிருந்தது. அவர் அரிதின் ஈட்டிய நூலகம் சிதறிப் போயிற்று. பழைய இதழ்களில் புதைந்து கிடந்த அவர் கட்டுரைகளை அன்பர்கள் பிற்காலத்தில் தேடித் தொகுத்து நூல்களாக்கினர். சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.