பாசியிலே பெருமை கண்ட பேராசிரியர்

மழைக்காலத்தில் நம் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் நிரம்புகின்றன. குளத்தில் அல்லியோ தாமரையோ மலர்ந்தால் நாம் நின்று பார்க்கிறோம். படித்துறையில் பாசியைக் கண்டாலோ, வழுக்குமே என்று அஞ்சி விலகுகிறோம். அந்தப் பாசிக்கே தம் வாழ்நாளைக் கொடுத்த பேரறிஞர் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். அவரே பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார்.

1886 டிசம்பர் 15-ஆம் நாள் சென்னையில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் பயின்றார். அருங்காட்சியகத்திலும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றிய பின், தாம் பயின்ற கல்லூரிக்கே தாவரவியல் ஆசிரியராகத் திரும்பினார். அந்நாளில் நம் நாட்டில் பாசிகளை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அவரோ ஊர்க்குளத்துப் பாசி முதல் மன்னார் வளைகுடாவின் கடற்பாசி வரை தேடித் தேடி ஆராய்ந்தார்.

நாற்பது வயதைக் கடந்து, பேராசிரியரான பின்னும், அவர் கற்பதை நிறுத்தவில்லை. லண்டன் சென்று, பாசியியல் அறிஞர் ஃபிரிட்ஷிடம் மாணவராக அமர்ந்து, டாக்டர் பட்டம் பெற்றார்.

வற்றும் குளத்தின் ஈரச் சேற்றில் அவர் கண்ட ஒரு சிறு பச்சைப் பாசி உலகையே வியக்க வைத்தது. அதன் ஒரு பகுதி வேர்போல் மண்ணுக்குள் இறங்குகிறது; மற்றொரு பகுதி தண்டுபோல் மேலே நிமிர்கிறது! 1932-இல் அதை உலகுக்கு அறிவித்த அவர், தம் பெயரை நாடாமல், ஆசிரியரைப் போற்றும் வகையில் 'ஃபிரிட்ஷியெல்லா' எனப் பெயரிட்டார். நீரில் வாழ்ந்த செடி நிலத்தில் குடியேறியது எவ்வாறு என்பதை விளக்கப் பாடநூல்கள் இதனை எடுத்துக்காட்டின. நிலத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவு ஸ்பைரோகைரா வகையினரே என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றையும் அவர் ஆராய்ந்திருந்தார்.

1963 டிசம்பர் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். நீரில் உருளும் பச்சை உருண்டையான வால்வாக்ஸ் முதலியவற்றைப் பற்றி அவரும் அவர் மாணவர் தேசிகாச்சாரியும் எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை என உலகம் அவரைப் போற்றுகிறது.

மாணவியரே! வற்றிய குளம் வெறும் பள்ளமன்று. அதைக் குப்பையால் மூடினால், யாரும் இன்னும் பெயரிடாத ஓர் உயிரையும் நாம் மூடிவிடக்கூடும். நம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலகச் சிறப்புடைய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதையும் நம் ஏரிகளையும் காப்போம். எளியதென்று எதையும் இகழாதிருப்போம்!