கண்ணாடிப் பிரதிபலிப்பைப் பிரிக்க வழிகாட்டிய ஜன்னல்: யார் இந்த மாலஸ்?

ரயில் ஜன்னல் வழியா மலையை போட்டோ எடுக்கிறோம். பார்த்தால், மலைமேல் நம்ம முகமும் செல்போனும்! அந்தப் பிரதிபலிப்பை மட்டும் பிரித்தெடுக்க இன்று கணினியால் முடிகிறது. அதற்கு வழிகாட்டியவர் எத்தியேன் லூயி மாலஸ். ஆமாம், பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே ‘மாலஸ் விதி’க்காரர்தான்.

1775-ல் பாரிஸில் பிறந்த மாலஸ் ஒரு ராணுவப் பொறியாளர். 1798-ல் நெப்போலியன் படையுடன் எகிப்துக்குப் போனார். மறு வருடம் யாஃபா நகரில் பிளேக் தாக்கியது. உயிர் பிழைத்தாலும் உடல்நலம் கெட்டுப்போச்சு.

நாடு திரும்பியவரை ஒளி ஆராய்ச்சி இழுத்துக்கொண்டது. கால்சைட் என்ற படிகம் வழியே பார்த்தால் எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரியும். ஏன் என்று விளக்குபவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது.

1808-ல் ஒரு மாலை, பாரிஸ் லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை அந்தப் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பினார். இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது. இன்னும் திருப்பினால் அது பளிச்சிட, மற்றது மங்கியது. இரவில் மெழுகுவத்தி ஏற்றி, தண்ணீரிலும் கண்ணாடியிலும் சோதித்தார். அங்கேயும் அதேதான்.

விஷயம் என்னவென்றால், கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். இதுதான் தளவிளைவு, அதாவது போலரைசேஷன். அந்தப் பெயரை வைத்ததும் மாலஸ்தான். ஒளியைத் துகள் என்று நம்பிய அவரது விளக்கம் பிறகு நிலைக்கவில்லை. ஆனால் அவர் கண்டது நிலைத்தது.

இன்று போலரைசர் ஃபில்டரைத் திருப்பித் திருப்பி சில படங்கள் எடுக்கிறார்கள். பிரதிபலிப்பு ஒரு அளவில் மங்கும், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள காட்சி வேறு அளவில் மாறும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணினி ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டையும் பிரிக்கிறது. கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் மட்டும் இந்த வழி பலிக்காது. ஒரே ஒரு படத்தை வைத்து ஏஐ செயலிகள் செய்வது பழக்கத்தில் வந்த ஊகம். சில நேரம் உண்மையான காட்சியையும் சேர்த்து அழித்துவிடும்.

1810-ல் மாலஸுக்கு அந்தப் பரிசு கிடைத்தது. பிரான்ஸோடு போரில் இருந்த பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தது. 1812-ல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 36 தான். ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது.