பார்வையற்ற ஆர்கன் மேதை ஹெல்முட் வால்ஹா: நல்ல இசைப்பதிவை எடைபோடுவது எப்படி?

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் வால்ஹா, ஜோஹன் செபாஸ்டியன் பாஹின் ஆர்கன் படைப்புகளை வாழ்நாளில் இரண்டு முறை பதிவு செய்தவர். முதல் தடவை மோனோ, அடுத்த தடவை ஸ்டீரியோ. இரண்டில் எது பெஸ்ட் என்ற பஞ்சாயத்து ரசிகர்கள் மத்தியில் இன்னும் ஓயவில்லை. ஒலித் தரத்தில் இரண்டாவதுதான் மேல். ஆனாலும் பழைய மோனோவைத் தேடிப்பிடித்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏன்? அதற்கான பதில் அவர் இசை கற்ற விதத்தில் இருக்கிறது.

யார் இந்த வால்ஹா?

1907-ல் லைப்ஸிக் நகரில் பிறந்தார். பாஹ் தன் கடைசி 27 ஆண்டுகளைக் கழித்த அதே ஊர். பெரியம்மைத் தடுப்பூசியின் பின்விளைவால் வால்ஹாவின் கண்கள் பாதிக்கப்பட்டன. 20 வயதுக்குள் பார்வை முழுசாகப் போய்விட்டது. அவர் இசையை விடவில்லை. லைப்ஸிக்கில் குந்தர் ராமினிடம் ஆர்கன் கற்றார். பாஹ் பணியாற்றிய புனித தாமஸ் தேவாலயத்தில் ராமினுக்கு உதவியாளராகவும் இருந்தார். 1929-ல் ஃபிராங்க்ஃபர்ட் போனவர், கடைசிவரை அங்கேதான் வாழ்ந்தார்.

நோட்ஸ் பார்க்காமல் எப்படி?

பாஹின் இசையில் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மெட்டுகள் தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றையும் ஒரு 'குரல்' என்பார்கள். முதலில் அம்மா, பிறகு மனைவி என வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்துக் காட்டினார்கள். வால்ஹா அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து, எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். 40 வயதை ஒட்டி பாஹின் ஆர்கன் படைப்புகள் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் அவர் வாசிப்பில் எந்தக் குரலும் இன்னொன்றுக்குள் தொலைந்துபோவதில்லை.

ஆர்கன் பதிவில் என்ன சிக்கல்?

பைப் ஆர்கன் காற்றில் ஒலிக்கும் கருவி. கட்டையை ஓங்கி அடித்தாலும் மெதுவாகத் தொட்டாலும் பெரும்பாலும் ஒரே சத்தம்தான். பியானோ மாதிரி விரலின் அழுத்தத்தில் உணர்ச்சியைக் காட்ட முடியாது. விரலை எப்போது எடுக்கிறார், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார், எந்தக் குழாய் வரிசையைத் திறக்கிறார் என்பதில்தான் கலைஞரின் திறமை தெரியும்.

இன்னொரு பக்கம், ஆர்கன் இருக்கும் கட்டடமும் கருவியின் ஒரு பகுதி மாதிரி. மைக்கைக் கிட்டே வைத்தால் ஒலி தெளிவாக இருக்கும், தேவாலயத்தின் பிரம்மாண்டம் காணாமல் போகும். தள்ளி வைத்தால் எல்லாம் எதிரொலியில் கரைந்துவிடும். ஆக, ஒரு பதிவு குழப்பமாகக் கேட்டால் தப்பு வாசித்தவருடையதா, மைக்குடையதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இடிபாடுகளுக்கு நடுவே முதல் பதிவு

1942 குண்டுவீச்சில் ஜெர்மனியின் லூபெக் நகரம் பெரும் சேதம் அடைந்தது. புகழ்பெற்ற மரியா தேவாலயத்தின் ஆர்கன்கள் அழிந்தன. அதே ஊரில் தப்பிப் பிழைத்த புனித யாக்கோபு தேவாலயத்தின் சிறிய ஆர்கனில், 1947-ல் வால்ஹாவின் முதல் பதிவு தொடங்கியது. பழைய இசைக்காகவே உருவான 'ஆர்கிவ்' லேபிளின் ஆரம்பகாலப் பெரிய முயற்சிகளில் இதுவும் ஒன்று. அடுத்து கப்பெல் என்ற கிராமம். அங்கே இருப்பது ஆர்ப் ஷ்னிட்கர் 1680-ல் ஹாம்பர்க் நகருக்காகக் கட்டி, பின்னர் இடம் மாறிய ஆர்கன். 1952 வரை இந்தப் பதிவுகள் நடந்தன.

ஸ்டீரியோவில் என்ன மாறியது?

1956-ல் நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1971 வரை நீண்டது. ஆர்கனின் குழாய்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முன்னால் ஒரு தொகுதி, பின்னால் உயரத்தில் ஒன்று, பக்கவாட்டில் இன்னொன்று எனப் பிரிந்திருக்கும். ஸ்டீரியோவில் எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். காதுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

மோனோவில் அந்த வசதி இல்லை. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வரும். அப்படியும் நான்கு குரல்களைத் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது என்றால், அது முழுக்க வாசிப்பின் வெற்றி. பழைய பதிவுக்கு இன்னும் மவுசு இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

நீங்கள் எப்படிச் சோதிப்பது?

* முதலில் ஹெட்போன். ஆர்கனின் 16 அடிக் குழாய் எழுப்பும் மிகத் தாழ்ந்த ஒலி சுமார் 32 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வராது. கால்கட்டைகளின் ஒலி மெலிந்திருக்கிறது என்று பதிவைக் குறைசொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.
* பாஹின் 6 'ட்ரியோ சொனாட்டா'க்களில் ஒன்றைப் போடுங்கள். வலது கை, இடது கை, கால்கள் என மூன்றே குரல்கள். நடுவில் உள்ளதை மட்டும் கடைசிவரை பின்தொடர முடிகிறதா பாருங்கள்.
* பிறகு வேறொரு கலைஞரின் பதிவில் அதே இடத்தைக் கேளுங்கள். பிரம்மாண்ட ஒலிக்கு மார்க் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. வால்ஹாவின் தாளம் ரொம்பக் கறார், உணர்ச்சி குறைவு என்பவர்கள் உண்டு. பாஹ் காலத்து வாசிப்பு முறைகளை ஆராய்ந்த அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் இன்னும் சுதந்திரமாக வாசித்தார்கள். அந்த வாசிப்புகள் பிடித்தவர்களுக்கு வால்ஹா வறட்சியாகத் தோன்றலாம். அதில் தப்பில்லை. ஆனால், அவரிடம் குரல்கள் குழம்புவதாகக் குறைசொல்வது கஷ்டம்.

பாஹ் முடிக்காமல் விட்ட 'ஃபியூக் கலை'யின் கடைசிப் பகுதிக்கு வால்ஹா தானே ஒரு முடிவு எழுதி, அதையும் வாசித்துப் பதிவு செய்தார். 1981-ல் பொது நிகழ்ச்சிகளிலிருந்து விலகினார். 1991-ல் தன் 83-வது வயதில் ஃபிராங்க்ஃபர்ட்டில் காலமானார்.