கணக்கர் மேசையிலிருந்து ஆசிரியர் நாற்காலிக்கு

இறுதியாண்டு மாணவர்களாகிய நம்மிடையே இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்ததும் என்ன வேலை? ஊடகத்துறைக்குப் போகப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று, அப்பா சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு மனுச் செய்யும்படி அம்மா வழியாகத்தான் செய்தி வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்த எனக்கு, நாளிதழில் வேலை கேட்கும் அளவுக்குத் தமிழ் இருக்கிறதா என்ற ஐயமும் உண்டு. சென்ற விடுமுறையில் ஓர் ஊடக நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனேன். அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்தச் சோர்வில்தான் தமிழவேள் கோ. சாரங்கபாணியின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1903இல் திருவாரூரில் பிறந்த அவர், 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது வயது இருபத்தொன்று. என்னைவிட ஒன்று குறைவு. அவர் இதழாளராக வரவில்லை. வந்து பார்த்தது கணக்கு எழுதும் வேலை. எழுத்தார்வம் உள்ளவர்கள் கணக்கென்றால் முகம் சுளிப்போம். ஆனால் பிற்காலத்தில் தாளுக்கும் மைக்கும் சம்பளத்துக்கும் பணம் புரட்ட வேண்டிய ஒருவருக்கு அந்த மேசை வீண் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்த காலத்தில் சீர்திருத்தச் சிந்தனை இங்குள்ள இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. சாரங்கபாணி 'முன்னேற்றம்' இதழில் எழுதியும் பொறுப்பேற்றும் தொழிலைக் கற்றார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' வெளிவந்தது. சங்கத்தால் இதழைத் தாங்க முடியாத நிலை வந்தபோது அவரே அதை ஏற்று நடத்தினார். சில ஆண்டுகளில் அது நாளிதழாயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் நின்ற இதழைப் போருக்குப் பின் மீண்டும் கொண்டுவந்தார். ஆங்கிலத்திலும் ஒரு நாளிதழ் நடத்தினார். இரு மொழியிலும் எழுதத் தெரிந்தவருக்கு இரண்டு கதவு திறக்கும் என்பதை மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் படித்த நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

என்னை மிகவும் தொட்டது 1950களில் அவர் செய்த வேலை. 'மாணவர் மணிமன்றம்' என்று மாணவர்களுக்காகவே முரசில் இடம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகிய பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். அனுபவம் உண்டா என்று கேட்பதற்கு முன் அனுபவத்தைக் கொடுத்தவர் அவர். இன்றைய நிறுவனங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு வந்தது. சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் யோசனை எழுந்தபோது, தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று முரசின் வழி இயக்கமே நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் போனது. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய துறை 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. தேர்வு நேரத்தில் நாம் தூங்கி விழும் அந்தத் தமிழ்ப் புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு பத்திரிகைக்காரரின் உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாம் வெற்றியாகவே இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். 1963இல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் முரசு நின்றது. அடுத்த ஆண்டுதான் திரும்பி வந்தது. தமிழுக்காக உழைக்கும் இதழிலும் ஊழியருக்கு வாடகையும் வயிறும் உண்டு. ஊடக வேலைக்குப் போகும் நண்பர்களே, சம்பளத்தைப் பற்றி முதல் நாளே வெட்கப்படாமல் கேளுங்கள். 1974இல் சாரங்கபாணி மறைந்தார்.

அடுத்த வாரம் எனக்கு இன்னொரு நேர்காணல். அனுபவம் உண்டா என்று கேட்டால் இந்த ஆண்டிதழைக் கையில் கொடுப்பேன். அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் காலையில் பேருந்து கிடைக்காது, தாமே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாக நேற்றுச் சொன்னார்.