வெள்ளிக் காப்பு அணிந்த கோடீசுவரி

அமெரிக்காவில் மிலிசென்ட் ரோஜர்ஸ் என்று ஒரு சீமாட்டி இருந்தார். 1902-ம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஹென்றி ரோஜர்ஸ், ராக்பெல்லருடன் சேர்ந்து எண்ணெய்க் கம்பெனியில் பெரும் பணம் குவித்தவர். பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் கல்லூரியில் படிக்கப் பண உதவி செய்தவரும் அந்தத் தாத்தாதான்.

பணம் இருந்தது. உடம்பில் பலம் இல்லை. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் மிலிசென்ட்டின் இருதயத்தைக் கெடுத்துவிட்டது. பத்து வயதுக்கு மேல் இருக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். இருந்தார்! வளர்ந்து பேரழகி என்று பெயரும் எடுத்தார். மூன்று முறை மணந்தார். மூன்றும் முறிந்தன. சினிமா நடிகர் கிளார்க் கேபிள் மீது கொண்ட காதலும் கைகூடவில்லை.

மனம் ஒடிந்தவர், 1947-ல் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போனார். தாவோஸ் என்ற மலையோரச் சிற்றூரில் மண் சுவர் வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினார்.

மூழ்கிய நகைகள்

அந்தப் பிரதேசத்துச் செவ்விந்தியர்களில் நவஹோ, சூனி என்ற இரு குலத்தார் வெள்ளி வேலையில் கெட்டிக்காரர்கள். நவஹோ மக்கள் 19-ம் நூற்றாண்டில் மெக்சிகோ தட்டார்களிடம் தொழில் கற்றார்கள். வெள்ளி நாணயங்களை உருக்கி, கனமான காப்புகள் செய்தார்கள். பெரிய வெள்ளி வில்லைகளைக் கோத்து இடுப்புப் பட்டை செய்தார்கள். நம் ஊர் ஒட்டியாணம் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சூனி மக்கள் நவஹோக்களிடம் தொழில் கற்றார்கள். கல் பதிப்பதில் குருவையே மிஞ்சினார்கள்! டர்க்காய்ஸ் என்று ஒரு கல், வானத்தின் நிறம். அதைப் பொடிப் பொடியாக அறுத்து, ஒரே காப்பில் வரிசை வரிசையாகப் பதித்தார்கள். சிவப்புக்குப் பவளம். அது மத்தியதரைக் கடலிலிருந்து வியாபாரிகள் கை மாறி வந்தது.

நம் வீடுகளைப் போலவே அங்கும் நகைதான் சேமிப்பு. கையில் காசு இல்லாதபோது கடைக்காரரிடம் அடகு வைப்பார்கள். ஆட்டு ரோமம் கத்தரித்து விற்றதும் மீட்பார்கள். மீட்க முடியாவிட்டால் நகை மூழ்கிவிடும். பிறகு அது விலைக்கு வரும். பாட்டி அணிந்த காப்பு யாரோ ஒருவருடைய பெட்டிக்குப் போய்விடும்.

இன்னொரு பக்கம், ரயிலில் வந்த உல்லாசப் பயணிகளுக்காக மெல்லிய தகட்டில் மலிவு நகைகள் பெருகிக்கொண்டிருந்தன.

மிலிசென்ட் வைரமும் தங்கமும் அறிந்தவர். தாமே நகைகளுக்கு மாதிரி வரைந்து செய்யத் தெரிந்தவர். ஆகவே வேலையின் உயர்வு அவர் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்தது. நவஹோ, சூனி நகைகளை நூற்றுக்கணக்கில் வாங்கினார். பூட்டி வைக்கவும் இல்லை. இரு கைகளிலும் அடுக்கடுக்காக அணிந்தார். அந்தப் பலவீனமான உடம்பு அத்தனை கனத்தை எப்படித் தாங்கியதோ!

ஏழையின் கஷ்டத்தில் கை மாறிய நகைகளும் விற்பனைக்கு வந்த காலம் அது. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் மிலிசென்ட் வாங்குவதோடு நின்றுவிடவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, செவ்விந்தியர் உரிமைக்காக வாஷிங்டன் வரை போய் வாதாடினார்.

1953-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி மிலிசென்ட் இறந்தார். வயது 50. தாவோஸ் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். நகைகளை ஏலத்தில் விட்டிருந்தால் உலகெங்கும் சிதறியிருக்கும். குடும்பத்தார் அப்படிச் செய்யவில்லை. 1956-ல் அதே ஊரில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை அமைத்தார்கள். அவர் அணிந்த காப்புகள் அங்கேதான் இருக்கின்றன.