குழந்தைகளின் இல்லம் கண்ட அம்மையார்

வேலைக்குச் செல்லும் தாய் தன் சின்னஞ்சிறு குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வாள்? நம் தெருவில் நாள்தோறும் எழும் இக்கேள்வி, ஒரு காலத்தில் உரோமை நகரின் ஏழைத் தாய்மார்களையும் வாட்டியது. அதற்கு விடை கண்டவர் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் இத்தாலி நாட்டில் சியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். மகள் மருத்துவம் பயில்வதில் தந்தைக்கு விருப்பம் இல்லை. தாயோ துணை நின்றார். ஆண் மாணவருடன் சேர்ந்து உடற்கூறு பயில அனுமதி கிடைக்காததால், சவ அறையில் மரியா தனியே பயின்றார். அஞ்சாது உழைத்து 1896இல் பட்டம் பெற்றார். அந்நாட்டில் மருத்துவரான முதல் பெண்மணிகளுள் அவரும் ஒருவர்.

1898இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். ஆனால் அன்றைய சூழ்நிலையில் மகனைத் தம்மிடம் வைத்து வளர்க்க அவரால் இயலவில்லை. குழந்தை வேறோர் இடத்தில் பிறர் கையில் வளர்ந்தது. பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைக்கும் தாயின் வேதனையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

உரோமையில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழும் பகுதி இருந்தது. அங்குப் பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகள் பார்ப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடித் திரிந்து, சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். கட்டடங்களைப் பழுதுபார்த்த நிறுவனம், அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள எண்ணி அம்மையாரை அழைத்தது. நிறுவனத்தின் கவலை சுவரைப் பற்றியது. அம்மையாரின் கவலையோ பிள்ளைகளைப் பற்றியது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளுடன் ‘குழந்தைகளின் இல்லம்’ திறக்கப்பட்டது.

பிள்ளைகளை மிரட்டி ஒரே இடத்தில் உட்கார வைப்பதைப் பாதுகாப்பு என்று அம்மையார் கருதவில்லை. அவர்கள் தாமே தூக்கக்கூடிய சிறிய மேசை நாற்காலிகளையும், கைக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டியையும் செய்வித்தார். உடையக்கூடிய பீங்கான் தட்டுகளையும் அவர்கள் கையில் தந்தார். கவனமாக எடுத்துச் செல்லப் பிள்ளைகள் தாமே பழகினர். இல்லத்தின் பொறுப்பாளர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. தாய்மார் பிள்ளைகளைத் தூய்மையாக அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறையேனும் பொறுப்பாளரைக் கண்டு பேச வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை.

ஒரு நாள் பொருள்கள் வைத்த அலமாரி பூட்டப்படாமல் கிடந்தது. பிள்ளைகள் தாமே எடுத்து வேலை செய்து கொண்டிருந்தனர். பொறுப்பாளர் அதைத் திருட்டு என்று எண்ணினார். தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அம்மையார் கண்டார். அதன்பின் திறந்த, தாழ்வான அலமாரிகள் வந்தன.

1908 டிசம்பர் 28ஆம் நாள் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்து அஞ்சி ஒடுங்கிய பிள்ளைகளை உரோமையில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் தம் மடத்தில் ஏற்றனர். அங்கும் அம்மையாரின் முறை கைக்கொள்ளப்பட்டது. உண்ணவும் உறங்கவும் மறந்திருந்த பிள்ளைகள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கினர்.

மாரியோ தம் பதினைந்தாவது வயதளவில் தாயிடம் வந்து சேர்ந்தார். 1939இல் இருவரும் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70ஆவது பிறந்த நாளில் மகனை விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் தங்கியும் அவர் பணியாற்றினார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் இறைவனடி சேர்ந்தார்.

அம்மா வேலையிலிருந்து திரும்பும் வரை என் மூன்று வயதுத் தம்பியை நான்தான் பார்த்துக்கொள்வேன். படிக்க வேண்டுமென்று அவனை அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டதுண்டு. ஒரு நாள் அவன் அழுகை திடீரென நின்றது. ஓடிப்போய்த் திறந்தால், நாற்காலிமேல் ஏறிச் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் கொண்டிருந்தான். என் நெஞ்சு பதறியது. அம்மையாரின் வரலாற்றைப் படித்தபின் தாழ்ப்பாளை விட்டுவிட்டேன். தீப்பெட்டியும் கத்தியும் மேல்தட்டுக்குப் போயின. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டோம். அவன் பொருள்கள் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. நானும் என் புத்தகத்தை அவன் அருகிலேயே விரித்துக்கொள்கிறேன்.

அன்புத் தோழியரே! பூட்டு பிள்ளையைக் காப்பதில்லை; அருகில் இருக்கும் கண்ணே காக்கும். நம் வீட்டுச் சின்னஞ்சிறுவர்க்கு அந்தக் கண்ணாக நாம் இருப்போமாக!

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி