பழுதைத் தேடிச் சென்ற மனிதர்

சனிக்கிழமை காலைகளில் திருநள்ளாற்றில் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கர்நாடகம், ஆந்திரம், தமிழகத்தின் மேற்கு மாவட்டங்கள் என்று பல திசைகளிலிருந்தும் இரவெல்லாம் ஓடிவந்த வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் இன்னோவாக்களின் எண்ணிக்கை கண்ணில் படாமல் போகாது. பயணிகள் நளதீர்த்தத்தில் நீராடிவிட்டுச் சனீசுவரனைத் தரிசித்துத் திரும்பும் வரை ஓட்டுநர்கள் மர நிழலில் காத்திருப்பார்கள். பணி ஓய்வுக்குப் பின் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பொருளியல் வகுப்பில் நுகர்வோர் விருப்பம் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பாடத்தின் உயிருள்ள வடிவத்தை இந்த மர நிழலில்தான் கண்டேன். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினைப் பிரிக்க நேரவில்லை என்பார் ஒருவர். நடுவழியில் நின்று பயணியிடம் தலைகுனிய வைக்காது என்பார் இன்னொருவர். பழைய வண்டியை விற்கப் போனாலும் நல்ல விலை கிடைக்கும் என்பார் மூன்றாமவர். குறைகளும் உண்டு. புதிய வண்டியின் விலை ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்பதும், உதிரிபாகங்களின் விலை அதிகம் என்பதும் எல்லோரும் சொல்வது.

இதே ஓட்டுநர்களில் பலர் வண்டியின் பதிவு எண்ணைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்பதில் கவனமாக இருக்கிறார்கள். எட்டு சனியின் எண் என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. ஆனால், அவர்கள் ஓட்டும் வண்டியின் பெயரே எட்டை நாடி வைக்கப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் கீயிச்சிரோ டொயோடா. தாம் தொடங்கிய நிறுவனம் உலகை வென்றதைக் காணாமலே 1952-இல் மறைந்தவர்.

கீயிச்சிரோ 1894 ஜூன் 11 அன்று ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை சாகிச்சி தச்சர் மகன். தறியைச் செம்மைப்படுத்துவதே வாழ்க்கை என்று கிடந்தவர். குடும்பத்தை மறந்த அந்த உழைப்பைப் பொறுக்கமுடியாமல், குழந்தை பிறந்த சில காலத்திலேயே தாய் பிரிந்து சென்றார். பிள்ளையைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். பின்னர் சிற்றன்னையின் அரவணைப்பில் நகோயாவில் வளர்ந்த கீயிச்சிரோ, அதிகம் பேசாத, எதையும் தாமே தொட்டுப் பார்த்து அறிய விரும்பிய இளைஞராக உருவானார். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1920-இல் பட்டம் பெற்றார்.

நெசவை அறிந்த நம் ஊர் மக்களுக்குச் சாகிச்சியின் தறியை விளக்க வேண்டியதில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால், கவனிக்கப்படாத ஒவ்வொரு நொடியும் பழுதான துணியே நெய்யப்படும். எனவே ஒவ்வொரு தறிக்கும் ஒரு காவல் கண் தேவைப்பட்டது. இழை அறுந்தவுடன் தறி தானே நின்றுவிட வேண்டும் என்று சாகிச்சி எண்ணினார். 1924-இல் தந்தையும் மகனும் செம்மைப்படுத்திய 'ஜி' வகைத் தானியங்கித் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொண்டது; இழை அறுந்தால் நின்றது. ஒரே தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இங்கிலாந்தின் ஓல்டாமில் இருந்த பிளாட் சகோதரர்கள் நிறுவனம் 1929-இல் ஒரு லட்சம் பவுனுக்கு அதன் காப்புரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தது. ஜப்பான், சீனா, அமெரிக்கா நீங்கலான நாடுகளில், அதாவது இந்தியா உள்பட, அந்தத் தறியைச் செய்து விற்கும் உரிமை அது. தொழிற்புரட்சியின் தாயகமே ஓர் ஆசிய நாட்டின் தச்சர் குடும்பத்திடம் நெசவு இயந்திரத்தைக் கற்றுக்கொண்டது.

அந்தப் பேரத்துக்காக மேலைநாடுகளுக்குச் சென்ற கீயிச்சிரோவின் மனம் வேறொன்றில் தோய்ந்திருந்தது. 1923-இல் டோக்கியோ பெருநிலநடுக்கத்தில் ரயில் பாதைகளும் டிராம் தடங்களும் நொறுங்கியபோது, அவசரமாக இறக்குமதியான ஃபோர்டு லாரிச் சட்டங்கள்தாம் பேருந்துகளாகி நகரை இயக்கின. அடுத்து ஃபோர்டு 1925-இல் யோக்கோகாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-இல் ஒசாகாவிலும் வாகனங்களைக் கோத்து விற்கத் தொடங்கின. ஜப்பானியச் சாலைகள் அமெரிக்கருடையனவாயின. மிட்சுயி, மிட்சுபிஷி போன்ற பெருங்குழுமங்களே கார் தொழிலில் இறங்கத் தயங்கிய காலம் அது.

சாகிச்சி 1930-இல் மறைந்தார். 1933 செப்டம்பரில் தறி நிறுவனத்துக்குள்ளேயே கார் பிரிவு ஒன்றைக் கீயிச்சிரோ தொடங்கினார். நிறுவனத் தலைவராக இருந்த மைத்துனர் ரிசாபுரோவுக்கு அதில் தயக்கம் இருந்தது. நியாயமான தயக்கம்தான். ஒரு செவ்ரோலெ காரை வாங்கிப் பிரித்து, பாகம் பாகமாக அளந்து படித்தார்கள். பார்த்தால் எளிதாகத் தோன்றிய சிலிண்டர் வார்ப்பு கையில் வரவில்லை. வார்த்தெடுத்தவை மீண்டும் மீண்டும் குப்பைக்குப் போயின. 1934-இல்தான் முதல் எஞ்சின் உருவானது. 1935-இல் ஒரு மாதிரிக் காரும், அதே ஆண்டு நவம்பரில் 'ஜி-1' என்ற லாரியும் வெளிவந்தன.

அந்த லாரி நல்ல லாரி அன்று. அறிமுக விழாவுக்காகத் தொழிற்சாலையிலிருந்து டோக்கியோவுக்குச் செல்லும் வழியிலேயே அதன் ஸ்டீயரிங் பாகம் ஒன்று முறிந்தது. வாங்கியவர்களின் கைகளிலும் பின் அச்சு உள்ளிட்ட பாகங்கள் பழுதாகிக்கொண்டே இருந்தன. இன்று நம்பகத்தன்மையின் மறுபெயராகப் பேசப்படும் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர்களின் கருத்து, வண்டி அடிக்கடி நின்றுபோகிறது என்பதே.

கீயிச்சிரோவின் பெருமை அந்த லாரியைச் செய்ததில் இல்லை. அது பழுதானபோது நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து விற்பனைப் பொறுப்புக்கு வந்து சேர்ந்த ஷோதாரோ காமியா, அமெரிக்க லாரிகளைவிடக் குறைந்த விலையை நிர்ணயித்தார். முதல் வண்டிகளைத் தொழிற்சாலையைச் சுற்றிய பகுதியிலேயே விற்றார்கள்; நின்றால் உடனே ஓடிச் சென்று பார்க்க வேண்டும் என்பதற்காக. பழுதான பாகங்கள் நிறுவனத்தின் செலவில் மாற்றப்பட்டன. எங்கே லாரி நின்றது என்று செய்தி வந்தாலும் பொறியாளர்கள் சென்றார்கள். கீயிச்சிரோவும் சென்று பார்த்ததுண்டு. முறிந்த பாகம் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து, அடுத்த வண்டியின் வடிவமைப்பைத் திருத்தியது. இழை அறுந்தால் தறியை நிறுத்திக் காரணத்தைப் பார் என்ற தந்தையின் பாடம் சாலைக்கு வந்தது.

1936-இல் புதிய வாகனத்துக்குப் பெயரும் சின்னமும் தேடிப் பொதுப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் வந்தவற்றுள் தேர்வானது டொயோட்டா என்ற வடிவம். நம் எழுத்தில் ஓர் ஒற்றெழுத்து மட்டுமே வேறுபாடு. ஜப்பானிய எழுத்தில் டொயோடா என்பதை எழுதப் பத்துக் கோடுகள் தேவை. இரு சிறு கோடுகளை நீக்கினால் டொயோட்டா ஆகும். எட்டு அங்கே வளர்ச்சியைக் குறிக்கும் மங்கல எண். குடும்பப் பெயரிலிருந்து நிறுவனம் சற்றே விலகி நிற்பதும் நல்லது என்று கருதப்பட்டது. 1937 ஆகஸ்ட் 28 அன்று டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே பதிவானது. 1938-இல் கொரோமோ என்ற ஊரில் பெரிய ஆலை எழுந்தது. தேவையானது தேவையான வேளையில் தேவையான அளவே வரவேண்டும் என்ற உற்பத்தி நெறியைக் கீயிச்சிரோ அங்கேதான் புகுத்த முயன்றார். பின்னாளில் தாயிச்சி ஓனோ அதை ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தார்.

இந்த வளர்ச்சி திறந்த சந்தையில் நிகழ்ந்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். 1936-இல் ஜப்பான் இயற்றிய வாகன உற்பத்திச் சட்டம் உரிமம் பெற்ற உள்நாட்டு நிறுவனங்களுக்குக் காவலாக நின்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1939-க்குள் அங்கு உற்பத்தியை நிறுத்தின. பின்னணியில் ராணுவத்தின் தேவை இருந்தது. சாமானியனுக்குக் கார் என்ற கனவோடு தொடங்கிய ஆலை, சீனாவின் மீது படையெடுத்த ராணுவத்துக்கு லாரி செய்தது. இந்த நிழலை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையை எழுதுவது முறையாகாது.

போர் முடிவதற்கு முதல் நாள் ஆலையின் ஒரு பகுதி குண்டுவீச்சில் சிதைந்தது. தோல்வியுற்ற நாட்டில் ஊழியர்களுக்கு வேலை தருவதற்காக மீன் பண்டம், பீங்கான் என்று கார் தொழிலுக்குத் தொடர்பில்லாத தொழில்களையெல்லாம் டொயோடா குடும்பத்தினர் ஆராய்ந்தார்கள். 1949-இல் அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வகுத்த கடும் சிக்கனத் திட்டம் பணவீக்கத்தை அடக்கியது. கூடவே கடனையும் தேவையையும் முடக்கியது. விற்ற வண்டிக்குப் பணம் வரவில்லை. ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளத் தொழிற்சங்கம் இசைந்தது. ஆட்குறைப்பு இராது என்று கீயிச்சிரோ வாக்களித்தார்.

அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை. கடன் தந்து மீட்க முன்வந்த வங்கிகள், விற்பனைக்குத் தனி நிறுவனத்தையும் ஆட்குறைப்பையும் வேண்டின. 1950 ஏப்ரலில் சுமார் 1,600 பேரை விருப்ப ஓய்வில் அனுப்பும் திட்டம் வெளியானதும் வேலைநிறுத்தம் வெடித்தது. இரு மாதப் போராட்டத்தின் முடிவில், 1950 ஜூன் 5 அன்று, தொழிலாளர்களை அனுப்ப நேர்ந்த பொறுப்பை ஏற்றுக் கீயிச்சிரோ தலைவர் பதவியைத் துறந்தார்.

மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை, ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவத்தின் லாரிக் கொள்முதல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அடுத்த தலைவரான தாயிசோ இஷிதா, மீண்டும் பொறுப்பேற்குமாறு கீயிச்சிரோவை அழைத்தார், அவரும் இசைந்தார். ஆனால் ரத்த அழுத்தத்தால் நெடுநாள் துன்புற்றிருந்த அவர், மூளையில் ரத்தம் கசிந்து 1952 மார்ச் 27 அன்று, 57 வயதில் காலமானார். அவர் கனவு கண்ட உள்நாட்டுக் கார், 'கிரவுன்' என்ற பெயரில் வெளிவந்தது 1955-இல். கொரோமோ நகரம் டொயோட்டா என்று பெயர் மாறியது 1959-இல்.

இந்த வாழ்க்கை நமக்கு எதற்கு? நாமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் தொடங்கினோம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இலும், பிரீமியர் 1944-இலும், சென்னையில் ஸ்டாண்டர்ட் 1948-இலும் அமைந்தன. அவற்றுக்கும் அரசின் காவல் கிடைத்தது. ஆனால், முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வாடிக்கையாளர் தயாராக இருந்தபோது, அவருடைய குறையைக் கேட்கும் கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. அம்பாசடர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதிக மாற்றமின்றி ஓடி 2014-இல் நின்றது. பாதுகாப்பு இரு நாடுகளிலும் இருந்தது. பழுதைத் தேடிச் செல்லும் பழக்கம் ஓரிடத்தில் மட்டும் வேரூன்றியது.

டொயோட்டா, கிர்லோஸ்கர் குழுமத்துடன் சேர்ந்து பெங்களூருக்கு அருகே பிடதியில் ஆலை அமைத்து, 2000-இல் குவாலிஸைக் கொண்டுவந்தது. பெட்டி போன்ற அதன் தோற்றத்தைப் பலர் எள்ளினர். வாடகை வண்டிக்காரர்கள் வாங்கினர். 2005-இல் அதனிடத்தில் இன்னோவா வந்தது. ஆயினும் பெயரே எல்லாவற்றையும் காத்துவிடாது. 2009, 2010-இல் உலகெங்கும் லட்சக்கணக்கான வண்டிகளை டொயோட்டா திரும்பப் பெற நேர்ந்தது. கீயிச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் மன்னிப்புக் கேட்டார். பிடதி ஆலையிலும் 2014, 2020 ஆண்டுகளில் தொழிலாளர் தகராறு கதவடைப்பு வரை சென்றது. நிறுவனர் பதவி துறந்த காரணம் நிறுவனத்துக்கு இன்றும் பழங்கதையாகிவிடவில்லை.

வரிச்சலுகையை நாடி வந்து, சலுகை தீர்ந்ததும் பூட்டிக்கொண்டு போன ஆலைகளைப் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் அறிவார்கள். சலுகை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கீயிச்சிரோவின் நிறுவனமும் அரசின் காவலில் வளர்ந்ததே. சலுகை பெறும் நிறுவனத்திடம் அரசு இரண்டு கேள்விகளையேனும் கேட்கவேண்டும்: விற்ற பொருள் பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? கொடுத்த வாக்குத் தவறினால் தொழிலாளர்கள் முன் யார் பொறுப்பேற்பார்கள்?

சென்ற சனிக்கிழமை ஓர் ஓட்டுநரிடம் அவர் வண்டியின் பெயருக்குள் எட்டு இருக்கும் கதையைச் சொன்னேன். பதிவு எண்ணில் எட்டு வராமலிருக்கக் கூடுதலாகப் பணம் கட்டியவர் அவர். சற்றே யோசித்துவிட்டு, இதுவரை ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), காரைக்கால்.